ஜூன் மாதம் திறந்து கிடந்த யன்னல்கள்: ஸ்காபரோ பேஸ்மென்ற் ஒன்றின் ஈரம் பற்றிய நிகழ்வு ஆய்வு

வீடும் வீட்டாரும்

ரொறன்ரோவின் கிழக்கே, ஸ்காபரோவில் 1960களில் எழும்பிய செங்கல் பங்களாக்களில் இதுவும் ஒன்று. மேலே மூன்று அறைகள். கீழே வீட்டின் முழு அகலத்துக்கும் பேஸ்மென்ற், அதாவது மண்ணுக்குள் இறங்கிய நிலக்கீழ்த் தளம்: ஏறத்தாழ 900 சதுர அடி, 7 அடி உயரம். அத்திவாரச் சுவர் சீமெந்துக் கல்லால் கட்டியது. பக்கவாட்டில் தனி வாசல், தரை மட்டத்துக்குச் சற்று மேலே நாலு சின்ன யன்னல்கள். வீட்டை வாங்கிய குடும்பம் பத்து வருடமாகக் கீழே பழைய தளபாடங்களையும் அரிசி மூட்டைகளையும் தவிர வேறு ஒன்றும் வைத்ததில்லை.

2024 பெப்ரவரியில் வீட்டுக்காரரின் மாமாவும் மாமியும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார்கள். நான் அவர்களை ஐயா, அம்மா என்றே சொல்கிறேன். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. மேலே படியேறி இறங்குவது கஷ்டம், பக்க வாசல் வசதி என்று அவர்களைக் கீழே இருத்தினார்கள். ஒரு படுக்கை அறை, சின்னக் குசினி, உடுப்புத் தோய்க்கும் இடம். தரை முழுக்கக் கம்பளம் போட்டார்கள். வடக்குச் சுவரோடு ஒட்டிப் பெரிய அலுமாரி. வடகிழக்கு மூலையில் சாமித்தட்டு; அதுதான் ஈசான மூலை என்று ஐயா கைபேசித் திசைகாட்டியை வைத்துப் பார்த்துத்தான் இடம் குறித்தார். பின்னால் சுவர் தெரியாமல் ஒரு பட்டுத் துணியும் தொங்கியது. இந்தத் துணி பிறகு முக்கியமாகிறது.

நான் வீடு வாங்குவோருக்காக வீடுகளைப் பரிசோதித்துக் கொடுக்கும் வேலை செய்கிறவன். வீட்டுக்காரர் பழக்கமானவர். அவர்களுடைய சம்மதத்தோடு, பெயர்களை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

மே மாதத்து வாடை

வெப்பமூட்டி ஓடிக்கொண்டிருந்த மாதங்களில் கீழே ஒரு குறையும் இல்லை. காற்று காய்ந்து உதடு வெடிக்கிறது என்பதுதான் அம்மாவின் முறைப்பாடு. மே நடுப்பகுதியில் கதை மாறியது. போத்தலில் உப்புக் கட்டிபட்டது. பொரித்து வைத்த அப்பளம் சாப்பாட்டு நேரத்துக்குள் நமுத்துப்போனது. விளக்கேற்ற எடுத்த தீக்குச்சி மூன்று உரசினால் ஒன்று பற்றியது. இவற்றைச் சமையலறைக் குறை என்றுதான் நினைத்தார்கள். கம்பளத்திலிருந்து ஈரவாடை கிளம்பியபோதுதான் வீட்டுக்காரர் யோசிக்கத் தொடங்கினார்.

முதலில் ஒரு குழாய்வேலைக்காரரைக் கூப்பிட்டார்கள். குசினிக்குப் பின்னால் ஓடும் தண்ணீர்க் குழாயிலிருந்து சொட்டுகிறது, ஐயா தினமும் துணியால் துடைக்கிறார். வந்தவர் ஒழுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போனார். பத்து நாளில் மறுபடி கூப்பிட்டார்கள். அதே பதில், அதே காசு. அவர் சொன்னது சரிதான். அப்படியானால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

அடுத்தது, இணையத்தில் எழுபது டொலருக்கு வாங்கிய ஒரு சின்ன டீஹியூமிடிபையர், ஈரம் இழுக்கும் மெசின். கையடக்கமாக, சத்தமே இல்லாமல் ஓடியது. ஒரு நாளுக்கு ஒரு தேநீர்க் கோப்பை அளவு தண்ணீர் சேர்த்தது. தண்ணீர் சேர்வதைக் கண்ணால் பார்க்கிறபோது ஏதோ நடக்கிறது என்ற திருப்தி வந்துவிடுகிறது. இந்தச் சின்ன வகைக்குள் குளிரூட்டும் எந்திரம் இல்லை. மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் தகடு மட்டும்தான். குளியலறை அலுமாரிக்குப் போதும்.

மூன்றாவது நடவடிக்கை ஐயாவினுடையது. அவர் நாலு யன்னல்களையும் பக்கக் கதவையும் காலையிலிருந்து மாலை வரை திறந்து வைத்து, வாசலில் ஒரு காற்றாடியையும் உள்நோக்கிப் பூட்டினார். "தம்பி, ஊரில மாரி முடிஞ்ச கையோட எல்லா யன்னலையும் திறந்துவிடுவம். ரெண்டு நாளில வீடு காஞ்சுபோம்," என்று எனக்கு விளக்கினார். ஊரில் அது நூற்றுக்கு நூறு சரி.

ஜூன் 8இல் நான் பார்த்தது

சனிக்கிழமை போனேன். முதல் நாள் இரவு என்னிடமிருந்த இரண்டு ஈரமானிகளையும் உப்பில் சோதித்துக்கொண்டேன். போத்தல் மூடியில் சமையல் உப்பு, அது சேறு பதத்துக்கு வர நாலு சொட்டுத் தண்ணீர், கருவியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஓர் இரவு. உப்புச் சேறு பைக்குள் ஈரப்பதத்தை 75 வீதத்தில் நிறுத்தும்; கருவியும் 75 காட்ட வேண்டும். ஒன்று 76 காட்டியது, மற்றது 70. இரண்டாவதன் முதுகில் "5 கூட்டவும்" என்று எழுதி ஒட்டினேன். பதினைந்து டொலர்க் கருவியை நம்பி முடிவெடுப்பதற்கு முன் இந்த வேலையைச் செய்துகொள்வது நல்லது.

பேஸ்மென்றின் நடுவில் காற்று 20 பாகை செல்சியஸ், ஈரப்பதம் 78 வீதம். வெயில் காலத்தில் வீட்டுக்குள் ஈரப்பதத்தை 50 வீதத்தை ஒட்டி வைத்திருக்கச் சொல்கிறது கனடாவின் சுகாதாரத் திணைக்களம். 60ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணத்துக்குக் கதவு திறந்த மாதிரி.

20 பாகையில் 78 வீதம் ஈரத்தோடு நிற்கும் காற்று 16 பாகைக்குக் குளிர்ந்தால் நீர் விடத் தொடங்கும். அதுதான் அந்தக் காற்றின் பனிபடுநிலை. அலுமாரியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒரு சாண் இழுத்து, பின்சுவரில் வெப்பமானியைக் காட்டினேன். 15.5 பாகை. சுவர் கைக்கு நீர்பட்டது. அலுமாரியின் பின்பலகையில் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம், சுவரில் அதே உயரத்தில் அரை மீற்றருக்குச் சற்று மேலான அகலத்தில் ஒரு திட்டு.

அம்மா அலுமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பொதியை எடுத்தார். தலையணை உறைக்குள் சுற்றியிருந்தது அவருடைய கூறைச் சேலை. விமானத்தில் கைப்பையில் வைத்துக் கொண்டுவந்தது. மடிப்பின் விளிம்பில் வெண்சாம்பல் நிறத்தில் பொட்டுப் பொட்டாகப் படர்ந்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. விரலால் ஒரு பொட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு மேலே கொண்டுபோய் வெயில் படாத கொடியில் விரித்தார்.

ஈரம் எங்கிருந்து வருகிறது

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் மெசின் வாங்குவது, ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுகிற கதை. சுவர் நனைந்திருக்கிறது என்றால் இரண்டு வழி உண்டு. வெளி மண்ணிலிருந்து சீமெந்துக்குள் ஊறி வந்திருக்கலாம். அல்லது அறைக் காற்றில் இருந்த நீராவி குளிர்ந்த சுவரில் படிந்திருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்று.

கண்டுபிடிக்கும் வழி மலிவானது. ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் தாளை முக்கால் முழச் சதுரமாக வெட்டி, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் ரேப் ஒட்டிவிட வேண்டும். தாளின் வெளிமுகம் நனைந்தால் ஈரம் அறையிலிருந்து வந்தது. தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர் கோர்த்தால் மண்ணிலிருந்து வருகிறது. மூன்று இடத்தில் ஒட்டினோம்: கம்பளத்தை விலக்கி நடுத்தரையில் ஒன்று, அலுமாரிக்குப் பின்னால் ஒன்று, சாமித்தட்டுக்குப் பின்னால் பட்டுத் துணியை விலக்கி ஒன்று. மூன்றாவது இடத்தை நான் கேட்டபோது ஐயா கொஞ்சம் தயங்கினார். துணியை விலக்கியதும் சுவரின் அடியில் உப்புப் பூத்திருந்தது தெரிந்தது, ஒரு முழ உயரத்துக்கு வெள்ளைப் பொருக்காக. மண்ணிலிருந்து தண்ணீர் ஊறி, காயும்போது கல்லிலுள்ள உப்பை வெளியே விட்டுப் போனால்தான் அப்படிப் பூக்கும்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தோம். தரையிலும் அலுமாரிப் பக்கத்திலும் தாளின் வெளிமுகம் மட்டும் பிசுபிசுத்தது, அடிப்பக்கம் காய்ந்திருந்தது. ஈசான மூலையில் நேர்மாறு. தாளுக்குள்ளே சின்னச் சின்னத் துளிகள்.

ஆக, ஒரே பேஸ்மென்றில் இரண்டு வெவ்வேறு நோய். பெரும்பகுதி ஈரம் காற்றிலிருந்து. ஒரு மூலையில் மட்டும் மண்ணிலிருந்து.

காற்றில் அவ்வளவு ஈரம் எப்படி வந்தது? பெரும் பங்கு ஐயாவின் யன்னல்கள். ரொறன்ரோவின் கோடை நாள் ஒன்றில் வெளிக் காற்று 28 பாகை, ஈரப்பதம் 65 வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பனிபடுநிலை கிட்டத்தட்ட 21 பாகை. மண்ணுக்குள் புதைந்து நிற்கும் பேஸ்மென்ற் சுவரோ ஜூனிலும் 15, 16 பாகையில்தான் கிடக்கிறது. யன்னலைத் திறந்தால் அந்தக் காற்று உள்ளே வந்து, சுவரில் பட்டு, தன் நீரை இறக்கிவிட்டுப் போகிறது. காற்றாடி பூட்டினால் இன்னும் வேகமாக. யாழ்ப்பாணத்து வீட்டின் சுவர் வெளிக் காற்றின் அளவுக்குச் சூடாக இருக்கும், அதனால் காற்றோட்டம் காயவைக்கும். இங்கே சுவர் குளிர். அதே காற்றோட்டம் நனைக்கும். ஐயா துடைத்துக்கொண்டிருந்த குழாயும் அதேதான். உள்ளே ஓடுவது குளிர்ந்த தண்ணீர், வெளியே வேர்த்தது காற்றின் நீர்.

மிச்சம் வீட்டுக்குள்ளேயே உண்டாகியது. அம்மா பருத்திச் சேலைகளைச் சூட்டு மெசினில் போடுவதில்லை. நூல் செத்துப்போகும் என்பார். கிழமைக்கு மூன்று தரம் உடுப்புகளைக் கீழேயே மடக்குக் கொடியில் காயப்போட்டார். எவ்வளவு தண்ணீர் அது? பயணப் பெட்டி நிறுக்கும் கொளுக்கித் தராசு எங்கள் வீடுகளில் இல்லாமலிருக்காது. ஐயாவே கூடையைத் தூக்கி நிறுத்துப் பார்த்தார். ஈரமாக 9.4 கிலோ, காய்ந்தபின் 7.3. ஒரு தோய்ப்புக்கு இரண்டு லீற்றருக்கு மேல் காற்றுக்குப் போகிறது. அந்தத் தராசில் எண்ணைப் பார்த்த பிறகு நான் சொன்ன மற்றவற்றையும் ஐயா காதுகொடுத்துக் கேட்டார் என்று நினைக்கிறேன்.

எடுத்த முடிவுகள்

யன்னல்களையும் பக்கக் கதவையும் மூடி வைப்பது. உடுப்பை மேலே, வெளிக் கொடியில் காயப்போடுவது. சமைக்கும்போது அடுப்பின் மேலுள்ள புகை உறிஞ்சியைப் போடுவது. அது வெளியே ஊதுகிறதா என்று பார்த்தேன், ஊதியது. இவை செலவில்லாதவை, அன்றே தொடங்கின.

மெசின் விஷயத்தில் ஒரு தடங்கல். உறவினர் ஒருவர் தன் வீட்டில் சும்மா கிடந்த பெரிய மெசினைக் கொண்டுவந்து வைத்தார். நன்றாகத்தான் ஓடியது. பின்பக்க ஒட்டுத்தாளில் தயாரித்த ஆண்டு 2011 என்றிருந்தது. 2013 செப்டெம்பரில், ஒரே தொழிற்சாலைக்காரர் தயாரித்துப் பல வணிகப் பெயர்களில் விற்ற இத்தகைய மெசின்கள் சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்து இருப்பதாக அமெரிக்காவிலும் கனடாவிலும் திரும்பப் பெறப்பட்டன. அமெரிக்காவில் மட்டும் 20 இலட்சத்துக்கு மேல். 2005 முதல் 2013 வரை தயாரானவை. மாதிரி எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டேன், இருந்தது. வயரை வெட்டி வெளியே வைத்தோம். அன்போடு கொண்டுவந்தவருக்கு அதைச் சொல்லி விளங்கப்படுத்தியதுதான் அன்றைக்குச் சங்கடமான வேலை. ஆனால் இரவும் பகலும் ஆள் பார்க்காமல் ஓடப்போகிற சாமான், அதுவும் இரண்டு முதியவர்கள் தூங்கும் தளத்தில்.

புதியது வாங்கும்போது அளவு பற்றிக் குழப்பம் வந்தது. அயலவர் ஒருவர் இந்த அளவு பேஸ்மென்றுக்கு நாளுக்கு 70 பைன்ற் இழுக்கும் மெசின் வேண்டும் என்றார் (ஒரு பைன்ற் அரை லீற்றருக்குச் சற்றுக் குறைவு). கடையில் இருந்ததில் பெரியது 50. இதற்குக் காரணம் உண்டு. 2019 வரை இந்த மெசின்களை 26.7 பாகை வெப்பத்தில் சோதித்து, ஒரு நாளுக்கு எத்தனை பைன்ற் இழுக்கும் என்று எழுதினார்கள். அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் சோதனையை 18.3 பாகைக்கு மாற்றியது, ஏனென்றால் பேஸ்மென்ற் குளிரானது. குளிர்க் காற்றில் மெசின் குறைவாகத்தான் இழுக்கும். ஆகவே பழைய 70ம் புதிய 50ம் ஏறக்குறைய ஒரே மெசின். 50 பைன்ற் என்றால் நாளுக்குச் சுமார் 23.7 லீற்றர். அதையே வாங்கினார்கள், ஜூன் 15. விலை முந்நூறு டொலர் வட்டாரம்.

வடகிழக்கு மூலைக்கு வெளியே போய்ப் பார்த்தேன். கூரைப் பீலியிலிருந்து இறங்கும் குழாய் முன்பு நிலக்கீழ்க் கழிவுநீர்க் குழாயோடு இணைந்திருந்தது. நகரசபை விதிப்படி யாரோ அதை வெட்டி, ஒரு வளைவை மட்டும் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். வடக்குக் கூரையில் விழுகிற மழை முழுவதும் சுவரின் காலடியில் கொட்டியது. மண்ணும் வீட்டை நோக்கியே சரிந்திருந்தது. குழாயை இரண்டு மீற்றராவது நீட்டுங்கள், மண்ணை அணைத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். ஆனால் என் பட்டியலில் மெசின் முதலாவதாக இருந்தது, இது நாலாவதாக.

மெசின் ஓடிய முதல் கிழமை

அந்தக் கிழமை தெற்கு ஒன்ராறியோவில் கடும் வெப்ப அலை. மெசினை நடுவில், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வைத்து, நீட்டு வயர் இல்லாமல் நேரே சுவர்ப் பிளக்கில் மாட்டினோம். இலக்கு 50 வீதம்.

முதல் 24 மணி நேரத்தில் ஆறு லீற்றர்த் தொட்டி மூன்று தரம் நிரம்பியது. மூன்று தரமும் நிரம்பியபின் யாராவது கவனிக்கும்வரை மெசின் நின்றுதான் கிடந்தது. இரவு இரண்டு மணிக்கு நிரம்பினால் காலை ஆறு மணிக்குத்தான் ஐயா கண்டார். 18 லீற்றர் என்பது தொட்டி கொண்ட அளவுதான்; விட்டிருந்தால் இன்னும் இழுத்திருக்கும்.

வீட்டுக்காரர் கேட்டார்: "அண்ணை, காத்தில இவ்வளவு தண்ணியா?" இல்லை. கணக்குப் போட்டால், அந்தத் தளத்தின் மொத்தக் காற்றில் 78 வீதத்தில் இருந்த நீர் சுமார் இரண்டரை லீற்றர். அதை 50 வீதத்துக்கு இறக்க எடுக்க வேண்டியது ஒரு லீற்றருக்கும் குறைவு. மீதி அத்தனையும் கம்பளம், மரச்சட்டம், சுவர், மெத்தை, புத்தகம், அரிசிச் சாக்கு எல்லாம் ஊறிவைத்திருந்த தண்ணீர். காற்று காய்ந்ததும் அவை மெல்ல மெல்ல விடுகின்றன. அதனால்தான் முதல் நாளில் 60க்கு இறங்கிய முள் மெசின் நின்றதும் மறுபடி 70ஐத் தொட்டது. மெசின் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பவர்கள் இந்த இடத்தில்தான் கொடுக்கிறார்கள்.

நிரம்பிய தொட்டி ஆறு கிலோவுக்கு மேல். முழங்கால் நோவோடு ஐயா அதைத் தூக்கிக்கொண்டு தளம்பத் தளம்ப நடந்ததை இரண்டாம் நாள் பார்த்தேன். சரி, குழாய் பூட்டுவோம் என்று முடிவானது. தோய்ப்புத் தொட்டி மெசினை விட உயரம், பம்ப் இல்லாமல் தண்ணீர் ஏறாது. வெப்பமூட்டிக்குப் பக்கத்தில் தரை வடிகால் இருந்தது, நாலு மீற்றர் தூரம். மெசினை ஒரு அடி உயரமான உறுதியான மேசையில் ஏற்றிக் குழாயை இறக்கினோம். அன்றிரவும் தொட்டிதான் நிரம்பியது. பார்த்தால், குழாய் கம்பளத்தின் ஓரத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு மேடேறி இறங்குகிறது. அந்தச் சின்ன மேட்டைத் தாண்டத் தண்ணீருக்குத் தள்ளுவிசை இல்லை. கம்பளத்தை வெட்டி நேராக்கியதும் ஓடியது. தற்செயலாக ஒரு நன்மையும் உண்டு: கோடையில் இந்தத் தரை வடிகாலின் வளைவில் நிற்கும் தண்ணீர் வற்றினால் கழிவுக் குழாயின் நாற்றம் மேலே வரும். மெசின் தண்ணீர் அதை நிரப்பியே வைத்திருந்தது.

கம்பளமும் அதன் கீழிருந்த பஞ்சும் ஒரு கிழமையாகியும் வாடை விடவில்லை. கழற்றிக் குப்பைக்குப் போட்டார்கள். வாடையில் பாதி அன்றே போனது.

மின்சாரத்தை அளக்கும் கருவியில் முதல் கிழமை நாளுக்குச் சராசரி 9.6 அலகு, மூன்றாம் கிழமை 4.1. அலகுக்கு 12 சதம் என்று வைத்தால் நாளுக்கு ஒரு டொலர் சொச்சத்திலிருந்து ஐம்பது சதத்துக்கு. ஈரப்பதம் ஜூன் 27 அளவில் 50இல் நிலைத்தது. கீழே வெப்பம் 20இலிருந்து 23 பாகைக்கு ஏறியது. குளிரூட்டிப் பெட்டி போலத்தான் இந்த மெசினும், எடுத்த சூட்டை அறைக்குள்ளேயே விடும். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, சத்தமும் பிடிக்கவில்லை. இரவில் அறைக் கதவை மூடிப் படுத்தார்.

ஜூலை 16

செவ்வாய்க்கிழமை. அன்று ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் 97.8 மில்லிமீற்றர் மழை பதிவானது. டொன் வலி நெடுஞ்சாலை ஆறாக ஓடிய படங்களைப் பார்த்திருப்பீர்கள். இந்த வீட்டிலும் பீலி நிரம்பி வழிந்தது. மத்தியானம் ஐயா தொலைபேசி எடுத்தார். "தம்பி, சாமி மூலையில தண்ணி."

சுவரும் தரையும் சேருமிடத்தில் கசிந்து, ஒரு சாப்பாட்டுக் கோப்பை அகலத்துக்குத் தேங்கியிருந்தது. விளக்கு வைத்த பலகையின் கால் நனைந்திருந்தது. ஈரமானி 58. மெசின் முழுமூச்சாக ஓடிக்கொண்டிருந்தது.

பீலிக் குழாய் இன்னும் நீட்டப்படவில்லை. ஏன் என்று கேட்டேன். ஈரமானி மூன்று கிழமையாக 50 காட்டியது, வாடையும் போய்விட்டது, இனி அவசரமில்லை என்று விட்டுவிட்டோம் என்றார் வீட்டுக்காரர். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த மூலையில் ஊறிய தண்ணீரை மெசின் காற்று வழியாக இழுத்துக்கொண்டே இருந்தது. எண் நன்றாக இருந்ததால் சுவரின் நிலை யாருக்கும் தெரியவில்லை. நாலாவது வரியில் நான் எழுதியதை அவர் நாலாவது அவசரமாகத்தான் எடுத்துக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமையே பீலிக் குழாயை இரண்டு மீற்றர் நீட்டினார்கள். களிமண் கலந்த மண் பன்னிரண்டு பை வாங்கி, சுவரை அணைத்து, ஒரு மீற்றருக்கு ஐந்து சென்ரிமீற்றர் சரிவு வருமாறு கொட்டி மிதித்தார்கள். மொத்தச் செலவு நூற்றைம்பது டொலருக்குள். வெளிச்சுவரைத் தோண்டி நீர்க்காப்புப் பூச ஒரு ஒப்பந்தக்காரர் கேட்ட விலை ஐந்து இலக்கத்தில் இருந்தது. முதலில் கூரைத் தண்ணீரை விலக்கிப் பார்ப்போம், பிறகும் கசிந்தால் தோண்டலாம் என்று தள்ளிவைத்தோம்.

பூஞ்சணம் துடைத்த விதம்

ஈரம் இறங்கிய பின்தான் இதைத் தொட்டோம். முன்பு துடைத்திருந்தால் திரும்ப வந்திருக்கும். ஒரு சதுர மீற்றருக்கும் குறைந்த திட்டு வீட்டாரே துடைக்கக்கூடிய சிறிய பரப்பு என்று கனடாவின் சுகாதார வழிகாட்டல் சொல்கிறது. என்95 முகக்கவசம், கையுறை, கண்ணாடி. பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீர், துணி. வெளுக்கும் திரவம் தேவையில்லை. அம்மா அதைத்தான் முதலில் எடுத்து வந்தார். அலுமாரியின் பின்பலகை அழுத்திய மரத்தூள், ஊறி உப்பியிருந்தது, எறிந்துவிட்டோம். அலுமாரி இப்போது உள்சுவர்ப் பக்கம், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி நிற்கிறது. கூறைச் சேலையை மென்தூரிகையால் தட்டி, சேலை சுத்தம் செய்பவரிடம் கொடுத்தார்கள். விளிம்பில் இரண்டு பொட்டுகள் போகவில்லை.

குளிர்காலமும் அடுத்த வருடமும்

ஒக்ரோபர் கடைசியில் கீழே வெப்பம் 16 பாகைக்கு இறங்கியபோது மெசினின் சுருள் குழாயில் பனி கட்டியது. அந்த அளவு குளிரில் இந்த வகை சரியாக இழுக்காது. எப்படியும் வெப்பமூட்டி தொடங்கியதும் ஈரப்பதம் 40க்குக் கீழே வந்துவிட்டது, நிறுத்தி, வடிகட்டியைக் கழுவி, துணி போர்த்தி வைத்தார்கள். ஏப்ரலில் பனி உருகிய கிழமைகளில் மூலை காய்ந்தே இருந்தது. 2025 மே நடுவில் மெசினை மறுபடி ஓட்டினார்கள். இம்முறை முதல் நாளே நாலு லீற்றர்தான் வந்தது.

ஐயா யன்னல் விஷயத்தில் முழுதாக இணங்கவில்லை. ஓகஸ்ட் மாலைகளில் திறப்பார். ஆனால் இப்போது வெளியே ஒரு ஈரமானி, உள்ளே ஒன்று வைத்து, வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்துப் பனிபடுநிலை பார்க்கக் கற்றுக்கொண்டார். வெளியே எண் குறைவாக இருந்தால் திறக்கிறார். செப்டெம்பர் இரவுகளில் அது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது.

மறுபடி இந்த வீட்டுக்குப் போனால்

பீலிக் குழாயை முதல் வரியில் எழுதுவேன். மூலை காய்ந்ததைக் கண்ட பிறகே மெசின் வாங்கச் சொல்வேன், அல்லது குறைந்தபட்சம் இரண்டையும் ஒரே நாளில். நூற்றைம்பது டொலர் வேலை ஆறு கிழமை காத்திருந்ததற்கு என் பட்டியலின் வரிசைதான் காரணம்.

அலுமாரிக்குப் பின்னால் பார்த்தது போலச் சாமித்தட்டின் துணியையும் முதல் அரைமணிக்குள் விலக்கக் கேட்டிருக்க வேண்டும். மரியாதை கருதித் தள்ளிப்போட்டேன். கேட்டபோது ஐயா மறுக்கவில்லை. கம்பளத்தை மெசினுக்கு முன்பே எடுத்திருந்தால் முதல் கிழமை மின்சாரத்தில் ஒரு பங்கு மிஞ்சியிருக்கும். வடிகுழாய்க்கான மேசையை மெசினோடேயே வாங்கியிருக்கலாம். முழங்கால் நோவுக்காரர் இரண்டு நாள் தண்ணீர் சுமந்திருக்க வேண்டியதில்லை. மெசினின் அளவில் மாற்றமில்லை. சிறியது வாங்கியிருந்தால் அந்த ஜூனில் சமாளித்திருக்காது.

ஈசான மூலையில் நாங்கள் ஒட்டிய பிளாஸ்ரிக்கை மழைக்குப் பிறகு புதிதாக மாற்றி, துணிக்குப் பின்னால் அப்படியே விட்டிருக்கிறோம். கடைசியாக 2025 செப்டெம்பரில் பார்த்தேன். உள்ளே துளி இல்லை, உப்பும் புதிதாகப் பூக்கவில்லை. கீழ் ஓரத்தில் ரேப் கழன்றிருந்தது, ஐயா புதிது ஒட்டினார்.